கண்ணகி நகர்: ஓவியம் பார்க்கப் போய் பஸ்ஸுக்கு நின்ற கதை

வணக்கம் மக்களே. இன்றைக்கு இன்ட்ரோ மியூசிக் கிடையாது, கடுப்பில் இருக்கிறேன். போன வாரம் ஒரே வீடியோவை நாற்பது பேராவது எனக்கு அனுப்பியிருப்பீர்கள். கண்ணகி நகர் (சென்னையின் தெற்கு ஓரம், குடிசைகளைக் காலி செய்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம்), மேலேயிருந்து ட்ரோன், சுவரெல்லாம் ஓவியம், பின்னால் புல்லாங்குழல், "ஆளே மாறிப்போன ஏரியா" என்று தலைப்பு. எனக்கு ட்ரோன் ஷாட் ஆகவே ஆகாது, பழைய ஆட்களுக்குத் தெரியும். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எங்கள் வியாசர்பாடி கால்வாய்கூட வெனிஸ் மாதிரிதான் இருக்கும். சரி, அங்கேதான் அத்தை இருக்கிறார், நாமே போய்ப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

முதலில் பஸ் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. சென்ட்ரல் பக்கம் நிற்கிறேன். டீலக்ஸ் வந்தது, விட்டேன். ஏசி வந்தது, விட்டேன். மறுபடி டீலக்ஸ். நான் பிங்க் பஸ் கட்சி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, கிடைத்த உரிமையை நான் ஏன் விட வேண்டும்? ஐம்பத்திரண்டு நிமிஷம் நின்றேன். நின்ற நேரத்தில் டீ, சமோசா, ஒரு தண்ணீர் பாட்டில் என்று 47 ரூபாய் போயிற்று. டீலக்ஸிலேயே போயிருந்தால் மிச்சம் ஆகியிருக்கும் என்று கமென்ட் போடாதீர்கள், அதை அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த பஸ்ஸுக்குள் ஏறிப் பாருங்கள். முக்கால்வாசி பெண்கள். கழுத்தில் டேக், மடியில் டிபன் பை, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் போகிறவர்கள். பக்கத்து சீட் அக்கா சொன்னார், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பஸ்ஸுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாராம், இப்போது அது மகளின் ட்யூஷனுக்குப் போகிறதாம். ட்ரோன் தம்பி இந்த பஸ்ஸைக் காட்டினாரா? அதுதான் என் கேள்வி.

அத்தையைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். வஞ்சிரம் பேரம் பேசும் வீடியோவில் குரல் மட்டும் வரும், அவர்தான். முன்பு அவர் குடிசை சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஓரத்தில். ஐந்து நிமிஷ நடையில் மீன் மார்க்கெட். விடியற்காலையில் போய் உட்கார்ந்தால் மீன் ஆய்ந்து கொடுத்தே பத்து மணிக்குள் அன்றைய செலவுக்குச் சம்பாதித்துவிடுவார். அப்புறம் கூவக்கரையைக் காலி செய்தார்கள். லாரியில் சாமான் ஏற்றி, இருபது கிலோமீட்டர் தள்ளி, கண்ணகி நகர். வீடு கான்கிரீட்தான், கதவு இருக்கிறது, கூரை ஒழுகவில்லை, வெள்ளம் வராது என்றார்கள். எல்லாம் சரி. மூன்றரை மணிக்கு மார்க்கெட்டில் இருக்க எந்த பஸ்ஸில் வருவது? அதை யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்திருக்கிறார், வருமானத்தில் பாதி ஆட்டோவுக்கு. விட்டுவிட்டார்.

கண்ணகி நகர் ஆரம்பித்தது 2000-ல். மொத்தம் 15,000 வீடுகளுக்கு மேல். முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. அத்தை வீட்டில் பீரோ கதவைத் திறக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும். நான்தான் போனேன், இரண்டு தடவை.

சரி, ஓவியத்துக்கு வருகிறேன். 2020-ல் ஸ்டார்ட் இந்தியா என்ற தெரு ஓவிய அமைப்பும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து வரைய ஆரம்பித்தவை. பிளாக் உயரத்துக்கு முகங்கள். நான் திட்டுவதற்கென்றே வசனமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒரு முகத்தில் கண் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல், அந்த ஜன்னல் கம்பியில் பச்சை நைட்டி காய்கிறது. "பாருங்கள் மக்களே" என்று கேமராவைத் தூக்கினேன். அத்தை கையைத் தட்டிவிட்டார். அவருக்கு ஓவியம் பிடிக்குமாம். முன்பெல்லாம் ஆட்டோக்காரருக்கு பிளாக் நம்பர் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றும், இப்போது "சிரிக்கிற பொண்ணு பிளாக்" என்றால் நேரே வந்து நிற்கிறாராம். என் வசனம் எல்லாம் அப்படியே உள்ளே போயிற்று. ஆனாலும் சொல்கிறேன், பெயின்ட் மீன் மார்க்கெட்டைக் கொண்டு வராது.

மறந்தே போனேன், கார்த்திகா! பஸ் இறங்கியதுமே சொல்லியிருக்க வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி, கபடியில் தங்கம் வாங்கிய நம் பெண்கள் அணியின் துணை கேப்டன் இந்த ஊர்ப் பெண். இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்று அடித்தார்கள். தமிழ்நாடு அரசு 25 லட்சம் கொடுத்தது. 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று ஊரைச் சேர்த்தே எல்லா டி.வி.யிலும் பேர் வந்தது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அத்தை பையனைக் கேளுங்கள். இன்டர்வியூவுக்குப் போனால் முகவரியில் சுற்றியுள்ள பெரிய ஏரியா பேரான துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுவான், கண்ணகி நகர் என்றால் வேலை கிடைக்காது என்று. இப்போதும் துரைப்பாக்கம்தான் எழுதுகிறான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் ஒரு மாதமாகக் கண்ணகி நகர்.

இப்போது என் சொந்தப் புலம்பல். 'இடிப்பார்களா மாட்டார்களா' வீடியோ பார்த்திருப்பீர்கள், எங்கள் போர்டு வீட்டையும், அதாவது குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த வீட்டையும், இடித்துக் கட்டப் போவதாகப் பேச்சு. குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்று சுவரில் எழுதியிருக்குமே, அதுதான். 2021-ல் பேர் மாற்றிவிட்டார்கள், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை, போர்டு போர்டுதான். ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி, நான்கு மாடி கட்டினார்கள். மெரினா பக்கம் மீனவர்கள் இருக்கிற நொச்சிக்குப்பம் அப்படித்தான். அதைப் பிற்பாடு இடித்தபோதும் அங்கேயே திரும்பக் கட்டினார்கள். வீட்டுக்காரர் இறங்கி நடந்தால் படகு, வீட்டுக்காரம்மா இறங்கி நடந்தால் வியாபாரம். 2024 ஆகஸ்டில் அங்கேயே லூப் ரோட்டில் 366 கடைகளோடு மீன் அங்காடியும் திறந்தார்கள். அதை என் ஃபோனில் பார்த்துவிட்டு அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் இடிக்கட்டும், அங்கேயே கட்டட்டும், எனக்கு ஓகே. என் சண்டை 24,000 ரூபாயோடு. கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்கு இருக்க ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற கருணைத் தொகை அது. முன்பு 8,000 இருந்தது, உயர்த்தினார்கள், சரி. ஒன்றரை வருஷத்தில் வீடு கைக்கு வருகிறது என்றே வையுங்கள். மாதத்துக்கு 1,333. எங்கள் தெருவில் வாடகைக்கு ஒரு ரூம் கேட்டுப் பாருங்கள், ஆறாயிரத்துக்குக் கீழே பேசவே மாட்டார்கள், அட்வான்ஸ் தனி. எடுக்க முடியாதவர்கள் தள்ளித் தள்ளிப் போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறும், அம்மா வேலை செய்கிற நான்கு வீடும் போகும். திரும்பி வரும்போது வீடு புதிதாக இருக்கும், வேலை இருக்காது. அத்தைக்கு நடந்ததையே தவணை முறையில் செய்வது மாதிரி.

டீக்கு மார்க் போடவில்லை இல்லையா? கண்ணகி நகர் முனைக் கடை, பன்னிரண்டு ரூபாய், பத்துக்கு ஏழரை. இஞ்சி நிஜ இஞ்சி. கிளாஸ் சின்னது என்பதால் அரை மார்க் குறைத்தேன்.

கிளம்பும்போது அத்தை கவலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மார்க்கெட்டில் வைத்திருந்த அதே அரிவாள்மனை, பலகை மட்டும் இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஒரு மீனுக்கு மூன்று நொடிகூட ஆகவில்லை, ஸ்லோமோஷனில் போட்டால்தான் உங்களுக்குத் தெரியும், ஷார்ட்ஸில் தனியாகப் போடுகிறேன். கேமராவைப் பார்க்காமலே சொன்னார்: "அடுத்த வாட்டி வர்றப்ப சிந்தாதிரிப்பேட்டையில மீன் வாங்கிக்கினு வா. ஆயாம வாங்கு."