சுவருக்குப் பின்னால் நின்றவர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"டிக்கி பார்களின் புகழுக்குக் காரணம் பெயர்ப் பலகையில் இருந்தவர்களா, பின்னால் நின்றவர்களா?" என்பது நம் தலைப்பு. பின்னால் நின்றவர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

மூங்கில் சுவர், ஓலைக் கூரை, மங்கிய விளக்கு, மரத்தில் செதுக்கிய பசிபிக் தீவுத் தெய்வங்கள், ரம்மும் பழச்சாறும் கலந்த காக்டெய்ல். இதுதான் டிக்கி பார். பார்த்தால் பொலினீசியத் தீவு ஒன்றிலிருந்து பெயர்த்து வந்ததுபோல இருக்கும். ஆனால் பிறந்தது கலிபோர்னியாவில். 1933 இறுதியில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. அதையொட்டி ஹாலிவுட்டில் எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஒரு சிறிய பாரைத் திறந்தார். பிறகு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். 1934-இல் ஓக்லாந்தில் கடை போட்ட விக்டர் பெர்ஜரான், பின்னாளில் 'டிரேடர் விக்' ஆனார். இந்த இருவரின் கற்பனைதான் எல்லாம், மற்றவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் என்று எதிரணித் தலைவர் பேசி அமர்ந்தார்.

கற்பனையை நான் மறுக்கவில்லை. ஒரே கோப்பையில் இரண்டு மூன்று நாட்டு ரம்களைக் கலந்து, எலுமிச்சைச் சாறும் பட்டைப் பாகும் சேர்த்து ஒரு புதுச் சுவையைக் கொண்டுவந்தவர் டான் பீச். அவருடைய 'ஜோம்பி' என்ற காக்டெய்ல், ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டோம் என்று சொல்லி விற்கும் அளவுக்குக் கடுமையானது. சரி, அந்த ஜோம்பியை இரவுக்கு இரவு கலந்து கொடுத்தது யார்?

பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர்கள். 1898 முதல் பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கையில் இருந்தது. அதனால் அந்த மக்கள் தடையில்லாமல் அமெரிக்காவுக்கு வர முடிந்தது. 1934-இல் ஒரு சட்டம் போட்டு, இனி ஆண்டுக்கு 50 பேர்தான் வரலாம் என்று கதவை அடைத்தார்கள். அதற்கு முன் வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தவை வயல் வேலை, சமையலறை வேலை, ஹோட்டல் வேலை. டான் பீச்சின் கடையில் காக்டெய்ல் கலந்தவர்கள் அவர்கள்தான். வாடிக்கையாளர் கண்ணில் படாமல், ஒரு சுவருக்குப் பின்னால் நின்று கலந்தார்கள். அந்தத் தொடக்கக் குழுவை 'நான்கு பையன்கள்' என்றார்கள். பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை, நடுவர் அவர்களே. பையன்கள்!

அந்தப் 'பையன்களில்' ஒருவர் ரே பூயென். 1961-இல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் பூலவார்டில் 'டிக்கி-டி' என்ற குட்டிக் கடையைத் தானே திறந்தார். அவருக்குப் பிறகு மகனும் பேரன்களும் அதை எடுத்து நடத்தினார்கள். ஹாலிவுட்டில் டான் பீச் திறந்த கடை மறைந்து பல்லாண்டு ஆகிவிட்டது.

அடுத்து, ரகசியக் குறிப்புகள். டான் பீச் தன் செய்முறைகளைச் சங்கேதத்தில் எழுதினார், அவருடைய மூளையைப் பாருங்கள் என்று எதிரணியில் வியந்தார்கள். நானும் அதையே பார்க்கச் சொல்கிறேன். புட்டிகளில் 'ஸ்பைசஸ் 4' என்பதுபோல எண்தான் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று கலப்பவருக்கே தெரியாது. ஏன் அப்படிச் செய்தார்? தன் ஊழியரைப் போட்டிக் கடைக்காரர் கூடுதல் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போனால், கடையின் உயிரும் கூடவே போய்விடும் என்று பயந்தார். புகழ் தன் பெயரில் இருக்கிறது என்று நம்பியவர் எதற்குப் பயப்பட வேண்டும்? சரக்கு யார் கையில் இருந்தது என்பது முதலாளிக்கே தெரிந்திருந்தது.

அவர் பயந்தபடியே நடந்தது. 1956-இல் புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் தார்ன்டன் சகோதரர்கள் 'மை-காய்' என்ற பெரிய உணவகத்தைத் திறந்தார்கள். முதலில் செய்த காரியம், டான் பீச் பெயரிலிருந்த சிகாகோ கடையில் வேலை பார்த்தவர்களை அழைத்து வந்ததுதான். அப்படி வந்தவர்களில் ஒருவர் பிலிப்பைன்ஸ்காரரான மரியானோ லிக்குடின். அவர் வகுத்துக் கொடுத்த காக்டெய்ல் பட்டியல்தான் மை-காயின் அடித்தளம். இன்று அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்கிறது. 2020-இல் கட்டடம் சேதமடைந்து மூடப்பட்டு, 2024 நவம்பரில் மறுபடி திறந்தபோது ரசிகர்கள் திரண்டார்கள். அவர்கள் கையில் ஏந்திய கோப்பைக்குள் இருப்பது யாருடைய உழைப்பு?

இன்னொன்று. டான் பீச் கடைகள் போன பிறகு, அசல் ஜோம்பி எப்படி இருந்தது என்று யாருக்குமே தெரியாமல் போயிற்று. ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் தேடினார். கடைசியில் அது கிடைத்த இடம், அங்கே பணியாளராக இருந்த டிக் சாண்டியாகோ தன் சட்டைப்பையில் வைத்திருந்த 1937-ஆம் ஆண்டுச் சிறு நோட்டு. அதிலும் 'ஸ்பைசஸ் 4' என்ற புதிர் இருந்தது. அது பட்டைப் பாகு என்று சொல்லித் தீர்த்து வைத்ததும் பழைய ஊழியர் ஒருவர்தான். முதலாளி பூட்டி வைத்தார், தொலைந்தது. ஊழியர் குறித்து வைத்தார், பிழைத்தது.

டான் பீச் கடைகளை ஊர் ஊராக வளர்த்தவர்கூட டான் பீச் அல்லர். அவருடைய மனைவியாக இருந்த சன்னி சண்ட். அவர் போருக்குப் போன காலத்தில் நிர்வாகத்தைத் தூக்கி நிறுத்தியவர் அந்த அம்மையார். பிரிந்தபின் அமெரிக்க நிலப்பகுதியில் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை அவரிடமே இருந்தது. அதனால்தான் டான் பீச் ஹவாய்க்குப் போய்க் கடை போட்டார். பலகையில் சன்னியின் பெயர் எங்கே?

டிக்கி பாரை லண்டன், மியூனிக், டோக்கியோ என்று கொண்டுபோனவர் டிரேடர் விக், 1944-இல் 'மை டாய்' என்ற ரம் காக்டெய்லைத் தந்தவரும் அவரே என்று எதிரணியில் சொன்னார்கள். தந்தார். அதை 17 ஆண்டு பழைய ஜமைக்கா ரம்மில் செய்தார். அந்த ரம் தீர்ந்ததும் கரீபியக் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவின் ரம்மையும் சேர்த்துச் சமாளித்தார். அந்த மார்ட்டினிக் கரும்புத் தோட்டங்களில் வெட்டியது யார்? முதலில் ஆப்பிரிக்க அடிமைகள். அடிமை முறை ஒழிந்தபின், 1853 முதல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் மக்கள். பின்னால் நின்றவர்களின் வரிசை அவ்வளவு தூரம் நீள்கிறது.

அலங்காரமாக நிறுத்தியிருக்கும் உருவங்களைச் செதுக்கக் கற்றுத் தந்தவர்கள் வரிசையில் எங்கே? மார்க்கேசஸ், ஹவாய், மாவோரி, ரப்பா நூயி (ஈஸ்டர் தீவு) மக்களின் முன்னோர் வடிவங்கள் அவை. எல்லாவற்றையும் ஒரே அறையில் கலந்து வைத்தார்கள். அடிமை பிடிப்பவர்களாலும் தொற்றுநோயாலும் ரப்பா நூயித் தீவில் 1877-இல் எஞ்சியவர்கள் 111 பேர். அவர்களுடைய 'மோஆய்' கற்சிலைகளின் முகம் மதுக்கோப்பை வடிவத்தில் உலகம் முழுக்க விற்கிறது. இதை முதலாளியின் ரசனை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஹவாய்க்கு வருவோம். காக்டெய்லில் ஆர்க்கிட் பூ செருகும் வழக்கத்துக்குக் காரணம் என்று சொல்லப்படுபவர் ஹாரி யீ. வைக்கிக்கியில் ஹில்டன் ஹோட்டல் பார்டெண்டர், ஹவாய்ச் சீனர். முன்பு செருகிய கரும்புத் துண்டை மென்றுவிட்டு ஆஷ்டிரேயில் போட்டார்கள், சாம்பலும் சாறும் பிசுபிசுவென்று ஒட்டின, அதனால் பூவுக்கு மாறினேன் என்று சொன்னவர். பாத்திரம் கழுவும் சங்கடம் தெரிந்தவருக்குத்தான் அந்த யோசனை வரும். 1957-இல் 'புளூ ஹவாய்' காக்டெய்லை உருவாக்கியவரும் அவரே. அந்த நீல நிறமும் பூவும்தான் இன்று விளம்பரங்களில் நாம் பார்க்கும் ஹவாய்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். 1967-இல் உலகக் காக்டெய்ல் போட்டியில் வென்றது, ஜின்னும் பாஷன் பழமும் கலந்த 'சாட்டர்ன்'. உருவாக்கியவர் போபோ கல்சினி, கலிபோர்னிய டிக்கி பார்களில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர். உலகப் பரிசு வாங்கிய அந்த மனிதருடைய பெயரை, உங்கள் அணியில் இதுவரை பேசியவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே, ஏன்?