நெருஞ்சியும் அலகும்

அவையோருக்கு வணக்கம்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு நெருஞ்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் கட்டைபோல் கெட்டி, போதாததற்கு முள். விதை உள்ளே பத்திரமாக இருக்கும். இதன் உறவுச்செடி ஒன்று பசிபிக் கடலின் காலபாகஸ் தீவுகளில் வளர்கிறது. பறவைகளின் பரிணாமத்துக்கு நமக்குக் கிடைத்த தெளிவான சாட்சிகளில் அந்தக் காயும் ஒன்று.

அங்கே டாஃப்னி மேஜர் என்னும் குட்டித் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் தரைக்குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. மெல்லிய தோலுள்ள சிறு விதைகள் முதலில் தீர்ந்தன, மிஞ்சியது நெருஞ்சி. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறக்குறைய 85 விழுக்காடு மடிந்தன. பிழைத்தவற்றின் அலகு, பழைய சராசரியைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன்! 1983-இல், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவால், பெருமழை கொட்டியது. சிறு விதை பெருகியது, அடுத்த சில ஆண்டுகளில் சின்ன அலகின் கை ஓங்கியது.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பஞ்சத்தைப் பார்த்து எந்தக் குருவியும் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. சின்ன அலகு செத்தது, தடித்த அலகு குஞ்சு பொரித்தது, குஞ்சுக்கும் தடித்த அலகு வந்தது.

ஆனால் வறட்சி ஒருபுறமும் மழை மறுபுறமும் இழுத்தால் மட்டும் ஓர் இனம் இரண்டாகிவிடாது. பிரிந்த கூட்டங்கள் திரும்பக் கலக்காமல் இருக்க வேண்டும். அதைப் பார்க்க, மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வரை போனால் போதும். அகலம் முப்பது, நாற்பது கிலோமீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் 2,200 மீட்டர் உயரத்து ஊட்டி, நம் கரையைவிடப் பதினான்கு டிகிரி குளிர்ச்சி. அந்தக் குளிரில், சோலையின் அடிப்புதரில் வாழும் சோலைக்கிளிக்கு (பெயரில்தான் கிளி, ஈப்பிடிப்பான் குடும்பத்துச் சிறு பறவை அது) வெயில் காயும் கணவாய்த் தரை கடலுக்குச் சமம். இறக்கை இருந்தும் கடப்பதில்லை. வடக்கே செம்பழுப்பு விலா கொண்ட நீலகிரிச் சோலைக்கிளி, தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இவற்றைத் தனிப் பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுதியாக) வகைப்படுத்தியதே 2017-இல்தான்.

இலங்கையும் இதைத்தான் காட்டுகிறது. பனியுகத்தில் கடல் 120 மீட்டர் வரை தாழ்ந்தபோது நிலம் ஒட்டியிருந்தது. இருந்தும் ஈரக்காட்டுப் பறவைகள் பல அங்கேயே தனித்து நின்றன, நடுவில் கிடந்தது வறண்ட காடு.

நம் கடலூர், புதுச்சேரிக் கரையில் இப்படித் தடுப்பு ஏதுமில்லை. அதனால் இங்கே மட்டும் வாழும் பறவை இனமும் இல்லை. ஆனால் எங்கெங்கோ உருவான கால்களும் அலகுகளும் பனிக்காலத்தில் ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் ஒரே சேற்றைப் பங்கு போடுகின்றன. நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் கால், கொசு உள்ளானுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். ஏரியைத் தூர்வாரும்போது நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிவிட்டால் நீர்க்காகம் இருக்கும், உள்ளான் இருக்காது. கால் ஊன்ற இடமில்லை. ஒரு பக்கமாவது இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவாக விடுங்கள். நீர் ஐந்து சென்டிமீட்டர் வற்றும்போதெல்லாம் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புதுச் சேறு வெளிப்படும். கொசு உள்ளான் மேய்வது அந்த விளிம்பில்தான்.