அவை அஞ்சும் வயது

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம்.

நடுநிலைப் பள்ளி மாணவர்களிடையே தோழமையையும் கலந்து பேசும் வழக்கத்தையும் வளர்ப்பது எப்படி என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். முதலில் தோழமை உண்டாக வேண்டும், பிறகு பேச்சு தானாக வரும் என்பதே பொதுவான எண்ணம். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றபின், அந்த வரிசை தலைகீழானது என்றே நான் கருதுகிறேன். ஒரு பொருளைப் பற்றிச் சேர்ந்து பேசிப் பேசித்தான், ஒரே அறையில் அடைபட்ட நாற்பது பேர் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக ஆகிறார்கள். அந்தப் பேச்சு தொடங்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அறியாமை காரணம் அன்று. வாய் திறந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சமே காரணம்.

ஐந்தாம் வகுப்பில் நாம் கேள்வியை முடிக்கும் முன்பே கைகள் உயர்ந்துவிடும். அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபின் மூன்று கைகள் உயர்ந்தால் அதிகம். இடையில் அவர்களுடைய சிந்தனை மங்கிவிடவில்லை. கண்ணெதிரே இல்லாததைக் கருதிப் பார்க்கவும், ‘இப்படியன்றி வேறு விதமாக இருந்தால்’ என்று எண்ணவும் வல்ல ஆற்றல் 11, 12 வயதில்தான் முளைக்கிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். அந்த ஆற்றலுக்கு மறுபக்கமும் உண்டு. பிறர் மனத்தில் ஓடுவதை எண்ணிப் பார்க்கக் கற்ற பிள்ளை, எல்லோரும் தன்னையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் நம்பத் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதற்குக் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்று பெயரிட்டார். நம் மொழியில் அவையஞ்சாமை என்றொரு அழகான சொல் இருக்கிறது. அந்தப் பண்பை நாம் மாணவனிடம் எதிர்பார்க்கிறோமே தவிர, அவன் அஞ்சும்படி நடந்துகொள்ளாதே என்று அவையைப் பார்த்துச் சொல்வதில்லை.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனையை உங்களில் பலர் அறிந்திருக்கலாம். அது கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலை. ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்னேற்பாட்டின்படி தவறான விடையைச் சொன்னார்கள். அத்தகைய சுற்றுகளில் அந்த ஒருவர் அளித்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கண்ணெதிரே தெரிந்ததை விட்டுக் கூட்டத்தின் தவறைப் பின்பற்றியது. ஆனால் சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் அந்த இணங்கல் பெருமளவு குறைந்துவிட்டது. வளர்ந்தவர்களுக்கே அப்படியென்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் துணை எவ்வளவு தேவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் 1981-இல் முன்வைத்த எளிய முறை இங்கேதான் கைகொடுக்கிறது: முதலில் தனியே சிந்திப்பது, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, அதன் பின்பே வகுப்புக்குச் சொல்வது. இதைக் காலம் கடத்தும் சடங்கு என்று குறை சொல்பவர்கள் உண்டு. நடுவில் இருக்கும் அந்த இரண்டு நிமிடங்களில் நடப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. கையைத் தூக்கும்போது அந்தப் பிள்ளை தனியாக இல்லை. தன் கருத்தைக் கேட்டுத் தலையசைத்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்.

இனி நம் பக்கத்துக் குறைகளுக்கு வருகிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் ஆசிரியர்கள் பேசுவதைப் பதிவு செய்து, கேள்விக்கும் அடுத்த சொல்லுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். சராசரியாக ஒரு நொடி! அதற்குள் விடை வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிச் சொல்கிறார், அல்லது வேறொருவரை எழுப்புகிறார், அல்லது தாமே விடையைச் சொல்லிவிடுகிறார். அந்த இடைவெளியை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, ‘தெரியாது’ என்பதும் மௌனமும் குறைந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள், மாணவர்கள் ஒருவர் சொன்னதை ஒருவர் தொட்டுப் பேசுவதும் கூடியது. ரோ இரண்டு இடைவெளிகளை அளந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். இரண்டாவது, மாணவர் பேசி முடித்தபின் நாம் விடும் இடைவெளி. என் அனுபவத்தில் அதுவே கடினமானது; ஏனென்றால் அங்கே நாம் அடக்க வேண்டியது நம் பொறுமையின்மையை மட்டும் அன்று, நம் தீர்ப்பையும்தான்.

வகுப்பறைப் பேச்சு பெரும்பாலும் மூன்று படிகளில் சுழல்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஹியூ மெஹன் 1979-இல் காட்டினார்: ஆசிரியர் கேட்கிறார், மாணவர் விடை சொல்கிறார், ஆசிரியர் மதிப்பிடுகிறார். இந்தச் சுழற்சியில் எந்த மாணவரும் இன்னொரு மாணவரோடு பேச வேண்டிய தேவையே எழுவதில்லை. ‘மிகவும் சரி!’ என்று மனமார வாழ்த்துவது என் நெடுநாளைய வழக்கம். ஒருமுறை, ஒரு கதையில் வரும் சிறுவன் நண்பனைக் காட்டிக்கொடுத்தது சரியா என்று கேட்டேன். ஒரு மாணவி நிதானமாக, இருபுறமும் எடைபோட்டு விடை சொன்னாள். நான் வழக்கம்போல் வாழ்த்தினேன். அதுவரை உயர்ந்திருந்த ஐந்தாறு கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சரியான விடை கிடைத்துவிட்டது, இனிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். என் பாராட்டே அந்தக் கலந்துரையாடலுக்குப் பூட்டுப் போட்டது. அதன் பிறகு ‘இதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். பழக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தோழமையை வளர்க்க விளையாட்டுகளும் அறிமுகப் பயிற்சிகளும் நடத்துகிறோம். அவை தீங்கு செய்வதில்லை. ஆனால் ஒருவருடைய அறிவு இன்னொருவருக்குத் தேவைப்படும் நிலையை அவை உண்டாக்குவதில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர், ஆசிரியர் சொன்னதை முழுதும் வாங்கிக்கொண்டாலும் அது புலமையில் காற்பங்குதான் என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும் என்றும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய இரண்டு காற்பங்கும் நிறையும் என்றும் பங்கு பிரித்திருக்கிறார். அந்த முக்காற்பங்குக்கு நம் பாடவேளையில் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம்?

சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் செய்தது இந்தப் பங்கீட்டுக்கு மிக அருகில் வருகிறது. இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகள் இணைக்கப்பட்ட காலம் அது. வகுப்புகளில் பகை மண்டிக் கிடந்தது. அவர் பிள்ளைகளை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாக்கி, பாடத்தை அத்தனை பகுதிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியை மட்டும் கொடுத்தார். ஒரே பகுதியைப் பெற்றவர்கள் வெவ்வேறு குழுக்களிலிருந்து வந்து கூடிப் படித்துத் தெளிந்தார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பித்தார்கள். தேர்வோ முழுப் பாடத்திலும் நடக்கும். திக்கித் திணறும் ஒருவனைப் பார்த்துச் சிரித்தால் அவனிடம் உள்ள பகுதி கிடைக்காது என்ற நிலை வந்ததும், கேலி செய்தவர்களே பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனிடமிருந்து பாடத்தை வரவழைக்கக் கற்றார்கள். நல்லுரைகள் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: தன் பகுதியைச் சரியாகப் படிக்காத ஒருவர் குழு முழுவதையும் தவிக்க விட்டுவிடுவார். ஆகவே, திரும்பிச் செல்லும் முன் ஒவ்வொரு பகுதிக் கூட்டத்திலும் ஆசிரியர் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாப் பேச்சும் கலந்துரையாடல் ஆகிவிடாது. இங்கிலாந்தின் கல்வி ஆய்வாளர் நீல் மெர்சர், பிள்ளைகளின் குழுப் பேச்சை மூன்றாகப் பிரித்தார். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று மோதிக்கொள்ளும் பேச்சு ஒன்று. ஒருவர் சொன்னதை எல்லோரும் ஆமோதித்து அடுக்கிக்கொண்டே போகும் பேச்சு மற்றொன்று. காரணம் கேட்டு, காரணம் சொல்லி, தேவைப்பட்டால் கருத்தை மாற்றிக்கொள்ளும் ஆராய்ச்சிப் பேச்சு மூன்றாவது. மேடை விவாதத்தில் பழக்கிய மாணவர்கள் முதல் வகையில் வல்லவர்களாகிறார்கள். அங்கே கருத்தை மாற்றிக்கொண்டவர் தோற்றவர் அல்லவா? நட்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சும் மாணவர்கள் இரண்டாவதில் ஒளிந்துகொள்கிறார்கள். என் கணிப்பில் இந்த வயதுக்குப் பெரிய இடர் இரண்டாவதுதான். ஏனென்றால் அது அமைதியாக இருக்கிறது, ஒற்றுமை போலவும் தோன்றுகிறது.

மூன்றாவது வகைப் பேச்சு தானாக வராது. அதற்குரிய வாக்கியங்களைக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ‘நீ சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதிக்குக் காரணம் சொல்’, ‘அவன் சொல்ல வந்தது இதுதானா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்’, ‘நான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்’ போன்றவை பெரியவர்கள் வாயிலேயே எளிதில் வராத வாக்கியங்கள். விதிகளைப் பிள்ளைகளே வகுக்கட்டும். அவர்கள் வகுத்த விதியை மீறியவரை அவர்களே மென்மையாகத் திருத்துகிறார்கள். ஒரு விதியை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: ஒருவர் பேசும்போது எழும் சிரிப்பை அன்றைக்கே, அந்த இடத்திலேயே நிறுத்தி என்னவென்று கேட்பேன். ஒரு சிரிப்பு பலருடைய வாயை ஒரு பருவம் முழுவதும் அடைத்துவிடும்.

இருக்கைகளை வட்டமாக அமைப்பது நல்லது. இடமில்லாவிட்டால் பெஞ்சைத் திருப்பிப் போட்டாலே போதும்.

கடைசியாக, நான் கையாளும் ஒரு சிறு வழி. கலந்துரையாடல் நடக்கும்போது ஒரு தாளில் வட்டமாகப் பெயர்களை எழுதி, யார் பேச்சை யார் தொடர்ந்தார் என்று கோடு போட்டுக்கொண்டே வருவேன். பருவத்தின் தொடக்கத்தில் எல்லாக் கோடுகளும் என்னிடம் வந்து திரும்பும். அந்தத் தாள் சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் போல இருக்கும். ஏழெட்டு வாரங்களுக்குப் பிறகு கோடுகள் என்னைத் தொடாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடத் தொடங்கும். சென்ற வாரத்துத் தாளில் அப்படி நிறையக் கோடுகள் இருந்தன. இரண்டு பெயர்களில் மட்டும் ஒரு கோடும் இல்லை. அந்த இருவரையும் அடுத்த கலந்துரையாடலுக்கு முன் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, கேள்வியை ஒரு நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.