கிளாக்கின் நடுவில் இருக்கும் அந்த பட்டன்

[திரையில்: எட்டாவது வரிசைக்கு வந்துவிட்ட ஒரு வெள்ளைச் சிப்பாய். அருகில் ஓடும் கிளாக்.]

ஒரு செஸ் போட்டி. கிளாக்கில் இன்னும் 9 விநாடிதான் இருக்கிறது. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, அதை வேறு காயாக மாற்ற வேண்டும். ராணி வேண்டும். மேஜையில் தேடினால் ராணி இல்லை. வெட்டப்பட்ட யானை ஒன்றுதான் கைக்குக் கிடைக்கிறது. வீட்டில் ஆடும்போது செய்வது போலவே அதைத் தலைகீழாக வைத்து, "ராணி" என்று சொல்லிவிட்டு, தன் நகர்வு முடிந்தது என்று கிளாக்கைத் தட்டுகிறார் ஆட்டக்காரர்.

அடுத்து ஆர்பிட்டர், அதாவது போட்டி நடுவர், வருகிறார். அது ராணி இல்லை, யானைதான் என்கிறார்.

அமெச்சூர் போட்டிகளுக்குப் போய் வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு கதை நிச்சயம் இருக்கும். பெரிய ஆட்டக்காரர்களும் தப்பவில்லை. 2017 கனடா சாம்பியன்ஷிப்பில், சமநிலையை முடிவு செய்யும் டை-பிரேக் ஆட்டத்தில் நிகோலய் நோரிட்சினுக்கு இதுதான் நடந்தது. அவர் தேடிய ராணி, வெட்டிய காய்களோடு எதிராளி பாட்டர் சம்புயெவின் கையில் இருந்தது. அவசரத்தில் யானையைத் தலைகீழாக வைத்தார். ஆர்பிட்டர் ஆட்டத்தை நிறுத்தி, அது யானை என்றே தீர்ப்புச் சொன்னார். பட்டம் சம்புயெவுக்குப் போனது.

சரி, அவர் என்ன செய்திருக்கலாம்? கிளாக்கை நிறுத்தியிருக்கலாம். ஆர்பிட்டரின் உதவி தேவைப்பட்டால் ஆட்டக்காரர் கிளாக்கை நிறுத்தலாம் என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி சொல்கிறது. அதற்கு அந்த விதியே தரும் உதாரணம், சிப்பாய் கடைசி வரிசைக்கு வந்தும் வேண்டிய காய் கிடைக்காத நிலைதான்! எத்தனையோ பேர் இப்படித் தவித்த பிறகுதான் அந்த வரி எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

[திரையில்: டிஜிட்டல் கிளாக். நிறுத்தும் பட்டன் மட்டும் பெரிதாகிறது.]

பல டிஜிட்டல் கிளாக்குகளில் அந்த பட்டன் நடுவில் இருக்கும். அதைத் தொட்டாலே தப்பு என்று நினைக்கிற குழந்தைகள் நிறைய. பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: சிப்பாயை எட்டாவது வரிசையில் அப்படியே விட்டுவிட்டு கிளாக்கைத் தட்டினால் அது விதிமீறிய நகர்வு. சிப்பாய் ராணியாகத்தான் மாறும், குதிரை வேண்டும் என்று பிறகு கேட்க முடியாது. நீண்ட நேர ஆட்டங்களில் இப்படி முதல் தவறு செய்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது தவறுக்குப் பொதுவாக ஆட்டமே போய்விடும்.

அப்புறம் டச் மூவ். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். காயைக் கட்டத்தின் நடுவில் சரியாக வைக்க மட்டும்தான் நினைக்கிறீர்கள் என்றால், தொடுவதற்கு முன்பே "சரி செய்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் 2016 கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆரோனியனுக்கு எதிராக நகமுரா ராஜாவைத் தொட்ட பிறகுதான் அதைச் சொன்னார். ராஜாவையே நகர்த்த வேண்டியதாயிற்று. ஆட்டமும் போனது. ராஜா, யானை இரண்டையும் ஒரே நகர்வில் நகர்த்தும் கேஸ்லிங்கிலும் இதே சிக்கல் உண்டு. யானையை முதலில் தொட்டு, பிறகு ராஜாவைத் தொட்டால், அந்த நகர்வில் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. எப்போதும் ராஜாவை முதலில் நகர்த்துங்கள், ஒரே கையால்.

மொபைல் பற்றி ஒரு வார்த்தை. சைலண்டில் போட்டாலும் பெரும்பாலான மொபைல்களில் அலாரம் அடிக்கும். 2003இல் பிளோவ்டிவ் நகரில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போதைய ஃபிடே உலக சாம்பியன் பொனமரியோவ் மொபைல் மணி அடித்ததால் ஆட்டத்தை இழந்தார். முழுதாக அணைத்துப் பைக்குள் வையுங்கள்.

என் மனதில் இருந்து அகலாத சம்பவம் வேறு.

[திரையில்: ஜி8இல் கறுப்பு ராஜா. எச்7இல் வெள்ளை ராணி.]

பத்து வயது இருக்கும் ஒரு பையன், நடுத்தர வயதுக்காரர் ஒருவரோடு ஆடினான். ராணியை எச்5இலிருந்து எச்7க்குக் கொண்டுபோய் "செக்மேட்" என்றான். டி3இல் இருக்கும் மந்திரி ராணிக்குத் துணை நிற்கிறது என்பது அவன் கணக்கு. ஆனால் இ4இல் கறுப்புக் குதிரை நின்றது. மந்திரியின் வழி அங்கேயே அடைபட்டிருந்தது. ராஜா ராணியைத் தாராளமாக வெட்டலாம்.

பெரியவர் போர்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கையை நீட்டினார். இருவரும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது. விதிமீறலைக் கண்டால் ஆர்பிட்டரிடம் மட்டும் சொல்லலாம். இங்கே விதிமீறல் எதுவும் இல்லை. செக்மேட் என்று தப்பாகச் சொன்னதால் ஆட்டம் முடிந்துவிடாது, எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டதால்தான் முடிந்தது. கையெழுத்தும் போட்டாயிற்று. முடிவு நின்றது.

அரை மணி கழித்து அனாலிசிஸ் அறையில் இருவரையும் பார்த்தேன். ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்த்து அந்த நிலைக்கு வந்திருந்தார்கள். பையன் குதிரையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "அங்கிள், நீங்க ராணியை வெட்டியிருக்கலாம்" என்றான். அவர் குனிந்து பார்த்தார், சிரித்துவிட்டார். ராஜாவை எடுத்து எச்7இல் வைத்து, "சரி, இப்ப நீ ஆடு" என்றார்.

அடுத்த ரவுண்டுக்கு அழைக்கும்வரை அவர்கள் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தார்கள்.