விளக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்

பெரியோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளே,

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக அணியினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, பெருங்கற்கால அடக்கம் ஒன்றில் சின்னஞ்சிறு முத்திரை கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். அப்படியொரு பொருளை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நேர்மேலே ரியூப்லைட்டைப் போட்டால் என்ன தெரியும்? கண்ணாடியில் எங்கள் முகம் தெரியும். எழுத்துத் தெரியாது.

செதுக்கிய எழுத்தைக் காட்டுவது நிழல்தான். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். கல்வெட்டு வாசிப்பவர்கள் ரோச்லைட்டைப் பக்கத்தில் பிடிப்பது இதற்காகத்தான். இருக்கிற விளக்கையே இடம் மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும்.

கல்லும் மட்பாண்டமும் வெளிச்சத்தைத் தாங்கும். ஏடும் துணியும் தாங்கா. அவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது அருங்காட்சியகங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். பட்ட வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும், ஆறாது. எங்கள் வெயில் யன்னலால் நேரே விழுந்தால் ஆயிரக்கணக்கான லக்ஸ். ஏட்டுப் பெட்டியை யன்னலோரம் வைக்கவே கூடாது.

சரி, பொருள் தெரிகிறது. அப்புறம்? "மட்பாண்டத் துண்டு, கந்தரோடை" என்று ஓர் அட்டை. அதை வாசித்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது? ஒரே பானையில் கறுப்பும் சிவப்பும் எப்படி வந்தன என்று எழுதலாமே! கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இரண்டு வரி போதும், பிள்ளை அந்தத் துண்டைத் திரும்பிப் பார்க்கும்.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் உள்ள பழைய பௌத்தத் தூபிகளுக்கு முன்னால் நிற்கிற எவரும் கேட்பது, இதை யார் கட்டினார்கள் என்பதைத்தான். அங்கே வைக்கும் விளக்கப் பலகை அந்தக் கேள்விக்குப் பயந்து ஒதுங்கக் கூடாது. வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் 1917ஐ ஒட்டித் தோண்டினார், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு தோண்டியது, கிடைத்தவை இவை, அறிஞர்கள் முரண்படுவது இந்த இடத்தில் என்று திறந்து எழுதட்டும். மூன்று மொழியிலும் ஒரே செய்தி இருக்கவேண்டும். மொழிக்கொரு கதை சொன்னால் எவரும் எதையும் நம்பமாட்டார்கள். தமிழ் வாசகத்தைத் தமிழ் நன்கறிந்த ஒருவர் பார்த்த பிறகே பலகை நடவேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணம் நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்கு வகுப்பைக் கூட்டிப்போகும்போது, விளங்காத அட்டை எது, தெரியாத பொருள் எது என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை அங்குள்ள அலுவலரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.