அண்டாவில் சொட்டுவது யார் குற்றம்?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். 'பழைய கட்டடங்கள் ஊருக்கு வரமா, சுமையா?' வரம்னு பேச வந்திருக்கேன். தஞ்சாவூர் பெரிய கோயில் 1010-ல முடிஞ்சுது, 1987-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிச்சு, 2004-ல தாராசுரமும் சேர்ந்துச்சுன்னு அடுக்கி, கைதட்டு வாங்கிட்டு உட்காரலாம்னுதான் இருந்தேன். அண்ணன் விடலையே!

எதிரணி அண்ணன் சொன்னாரு: "மழை வந்தா இவங்க பாரம்பரியம் அண்டாவுலதான் சொட்டும்." நீங்களும் விசிலடிச்சீங்க. சொட்டுது அண்ணே, ஒத்துக்கறேன். யாரால சொட்டுது?

கும்பகோணத்துல ஒருத்தர்னு வச்சுக்குங்க. தாத்தா கட்டின மாடி வீடு, மேல்தளம் மெட்ராஸ் டெரஸ், அதான் அந்தக் காலத்துச் சுண்ணாம்புத் தளம். தேக்குக் கட்டைகளை வரிசையா போட்டு, மேல சின்னச் செங்கலைக் குத்தவச்சு மூலைவாட்டா அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உட்கார்ந்து நாள்கணக்கா கட்டையால தட்டுவாங்க. மேல தட்டோடு.

ஐப்பசியில ஒரு சொட்டு. சொம்பு வச்சாரு. ஆளைக் கூப்பிட்டு ஓர் அங்குலம் சிமென்ட் பூசினாரு. அடுத்த ஐப்பசி, குடம்! இன்னும் ஓர் அங்குலம். அதுக்கடுத்த ஐப்பசி, அண்டா! மறுபடியும் ஓர் அங்குலம். கும்பகோணமாச்சே, பாத்திரத்துக்கா பஞ்சம்? நாலாவது வருஷம் புரட்டாசியிலேயே பாத்திரக்கடைக்காரர் வாசல்ல நிக்கிறாரு. "அண்ணே, இந்த வருஷம் என்ன சைஸ்?" வீட்டம்மா உள்ளேருந்து, "கொப்பரையாவே குடுங்க, கல்யாணத்துக்கும் ஆகும்!"

கடைசியில வயசான கொத்தனார் ஒருத்தர் மாடியேறிப் பாத்தாரு. "பத்துக்குப் பத்து அறைக்கு ஓர் அங்குலம் சிமென்ட்டுன்னா கிட்டத்தட்ட அரை டன்னுங்க. மூணு பூச்சு, ஒன்றரை டன். உங்க தாத்தா போட்ட கட்டை என்னங்க பாவம் பண்ணுச்சு?"

விஷயம் அதுதான். மரம் பாரத்துக்கு வளையும், ஈரத்துக்கு உப்பும். சுண்ணாம்பு அதோட கொஞ்சம் இசைஞ்சு போகும். சிமென்ட் முறைச்சுக்கிட்டு மயிரிழையா வெடிக்கும். வெடிப்புல இறங்கின தண்ணி திரும்ப ஆவியாக வழியில்ல. சுவருக்குள்ள செருகின கட்டை முனை முதல்ல மக்கும்.

சுவருக்கும் அதே கதிதான். டெல்டா மண்ணுல ஈரம் கீழேருந்து ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சுன்னா வெளியே விட்டுடும். சிமென்ட் பூசினா? வெயில்ல மழைக்கோட்டு போட்டுவிட்ட மாதிரி உள்ளேயே புழுங்கி, ஈரம் இன்னும் மேல ஏறி, உப்புப் பூத்து, செங்கல் மாவா உதிரும். அப்புறம் அண்ணன் வந்து "பாத்தீங்களா, சுமை!"ம்பாரு.

வைத்தியம்? சிமென்ட்டைக் கை உளியால மெதுவா எடுக்கணும். மெஷின் வச்சா செங்கலும் கூட வரும். சுண்ணாம்பைக் குழியில தண்ணியோட ரெண்டு வாரமாவது ஊறப்போடணும். அவசரப்பட்டா நீறாத பொடிக்கல்லு பூச்சுக்குள்ள பிறகு உப்பி, அம்மை போட்ட மாதிரி தெறிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ரெண்டரை, மூணு பங்கு மணல். அவ்வளவுதான்.

மணி அடிக்கிறாங்க. நடுவர் ஐயா, ஒரே நிமிஷம்.

அதே கும்பகோணத்துல, சாரங்கபாணி சன்னதித் தெருவுல ஒரு சின்ன ஓட்டு வீடு. ராமானுஜன் வளர்ந்த வீடு. அந்தத் திண்ணையில உட்கார்ந்துதான் சிலேட்டுல கணக்குப் போட்டாரு. அதை யாரோ வாங்கி, காப்பாத்தி வச்சாங்க. இல்லேன்னா இந்நேரம் அங்கே பைக் நிறுத்திக்கிட்டிருப்போம். கணக்குல கோட்டை விட்ட பிள்ளையை அந்தத் திண்ணைகிட்ட கூட்டிட்டுப் போய், "இங்கேதான்டா கண்ணு உட்கார்ந்திருந்தாரு"ன்னு காட்ட ஆசைப்படாத தாய் இந்தக் கூட்டத்துல உண்டா? கை தூக்குங்கம்மா, அண்ணன் பார்க்கட்டும்!

நன்றி, வணக்கம்.