பழத்தை எப்படி செட்டாக எண்ணுவார்கள்?

அடுத்த கேள்வி அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை அனுப்பியது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறாராம். மேனேஜர் அனுப்பிய மெயிலில், இந்த வருடம் ‘ஃப்ரூட் செட்’ நன்றாக இருக்கிறது என்று இருந்ததாம். “எனக்குத் தெரிந்த செட் தட்டுவடை செட்தான் சார். பழத்தை எப்படி செட்டாக எண்ணுவார்கள்? செட்டுக்கு இறந்தகாலம் செட்டட்டா?” என்று கேட்கிறார்.

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். இரண்டு தட்டுவடை, நடுவில் சட்னி, பீட்ரூட், கேரட், வெங்காயம், அதுதானே நமக்கு செட். எனக்கு இப்போதே நாக்கு ஊறுகிறது, சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எழுத்து ஒன்றுதான், பிறப்பு இரண்டு. தொகுதி என்ற பொருளில் வரும் செட், லத்தீன் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மதப்பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’டும் அதே வீட்டுப் பிள்ளைதான். தட்டுவடை செட், செட் தோசை எல்லாம் இந்த வகையறா.

வினையாக வரும் செட் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்கார வை. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தோமே, அந்தக் கதைதான். அலாரம் செட் செய்வது, முள்ளை ஒரு மணியில் உட்கார வைப்பது. டாக்டர் எலும்பை செட் செய்வது, விலகியதை அதன் இடத்தில் உட்கார வைப்பது. அப்புறம் வைக்கிற வேலை போய், தானாக உட்கார்வதற்கும் அதே சொல் வந்துவிட்டது: சிமென்ட் இறுகினாலும் செட், சூரியன் மறைந்தாலும் செட். இப்படிக் கிளை விட்டு விட்டு, 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே இந்தச் சொல்லுக்குத்தான்.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருவோம். கோடை மழை விழுந்து சில நாளில் காப்பிச் செடி மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பூ உதிர்ந்து வீணாகாமல் காயாக நிலைத்தால் தோட்டத்தில் என்ன சொல்கிறோம்? “காய் நல்லா பிடிச்சிருக்கு.” அதுதான் ஃப்ரூட் செட். எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நம் ‘பிடி’யும் செட்டுக்கு இளைத்ததல்ல. மழை பிடித்துக்கொண்டது என்போம், அங்கே ‘தி ரெயின் ஹேஸ் செட் இன்’. பிடித்த பிடியில் நிற்பவர் அங்கே ‘டெட் செட்’. ஆனால் எல்லா இடத்திலும் இந்த ஜோடி பொருந்தாது. ‘செட் ஆஃப்’ என்றால் பயணம் கிளம்புவது, பட்டாசு வெடிப்பதும் அதுவே. வீடு கட்டும்போது செட்பேக் என்றால் சுற்றி விடுகிற காலி இடம், வாழ்க்கையில் செட்பேக் என்றால் பின்னடைவு.

ஒரு எச்சரிக்கை. “இந்தச் சட்டை எனக்கு செட் ஆகலை” என்பது நம் ஊர்ச் சரக்கு. அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் வெள்ளைக்காரருக்குப் புரியாது. அங்கே ‘சூட்’ என்ற சொல்தான் வேண்டும்.

கடைசியாக, செட்டட் கிடையாது. இன்றைக்கும் செட், நேற்றைக்கும் செட். மேனேஜருக்குப் பதில் எழுதும்போது ‘தி ஃப்ரூட் ஹேஸ் செட் வெல்’ என்றே எழுதுங்கள்.